ஜெனரல் கெர்மோவும் ஐந்து கையெழுத்தும்

செத்துப்போன ஆள் மறுநாள் வேலைக்கு வந்தான் என்று பதிவேடு சொல்கிறது. செத்தே போனான் என்று பெண்டாட்டி சொல்கிறாள். இரண்டில் எதை நம்புவது என்று அரசாங்கத்துக்கு ஒரு கணம்கூடக் குழப்பம் வரவில்லை.

சிதம்பரத்தை அடுத்த கிள்ளை ஊர்க்காரரான சிங்காரம் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் காவலாளி. எந்த அலுவலகம் என்று சொல்வதற்கில்லை. சொன்னால், அது நாங்களில்லை என்று நான்கு அலுவலகங்கள் மறுப்பு அனுப்பும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால், வராத நாட்களுக்கும் சேர்த்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்த சிங்காரம் அதைத்தான் சந்தோஷமாகச் சொன்னார்.

“கலியமூர்த்தி சார் நல்ல மனுசன் ஆரோக்கியம். ‘பண்டிகை நாளு, அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் சேத்துப் போட்டுட்டுப் போய்யா’ன்னாரு. போட்டுட்டேன்.”

“அப்ப ஒரு வாரம் ஊட்டுல இருப்பீங்க” என்றாள் ஆரோக்கியம்மாள்.

ஒரு நாள்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“கையெழுத்தும் போட்டுட்டு ஊட்டுல குந்தினிருந்தா ஒரு மாதிரியா இருக்குது. பூட்ட ஒருதடவ ஆட்டிப் பாத்துட்டு வந்துடறேன். அப்பிடியே தேவனாம்பட்டினத்துல கூட்டாளி ஒருத்தன் பழைய வலை தரேன்னான். மதியம் சோத்துக்கு இங்க இருப்பேன்.”

இரண்டு சாவிகளைப் பச்சை நைலான் நூலில் கோத்து, வலை முடிச்சுப் போட்டு, அவளே அரைஞாணில் கட்டிவிட்டாள். அது 2004 டிசம்பர் இருபத்தாறு. ஒன்பது மணிக்குள் கடல் வந்துவிட்டது.

பன்னிரண்டு நாள் கடலூரில் தேடினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணி மூடிய முகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பெரிய குழிகளை அவசரமாக மூடிக்கொண்டிருந்தார்கள். கடலூர்ப் பட்டியலில் பேர் சேர்க்கக் கேட்டால், “முகவரி கிள்ளைன்னு இருக்குதே” என்றார்கள். கிள்ளைப் பட்டியலுக்குப் போனால், “அவரு கிள்ளையில காணாமப் போவலியே” என்றார்கள். கடைசியில், வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பினார்கள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, கண்காணிப்பாளர் கலியமூர்த்தி முன்னால் மகள் வெண்மதியுடன் நின்றாள். மனு ஒன்றுதான். சிங்காரம் செத்துவிட்டார் என்று எழுதித் தர வேண்டும். தந்தால் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் கிடைத்தால், பன்னிரண்டாவது முடிக்கப்போகும் வெண்மதிக்கு வாரிசு வேலை கிடைக்கும்.

“எப்ப செத்தாருன்னு எழுதியிருக்கீங்க?”

“இருவத்தாறாந் தேதி சார். கடல் வந்தப்ப.”

கலியமூர்த்தி பதிவேட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். “படிச்ச பொண்ணு, நீ பாரும்மா. இருவத்தேழு, இருவத்தெட்டு, இருவத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு. அஞ்சு நாளு கையெழுத்துப் போட்டிருக்காரு. யாரு, கடலா வந்து போட்டுச்சு?”

“நீங்கதான சார் சேத்துப் போட்டுட்டுப் போவச் சொன்னீங்க” என்றாள் ஆரோக்கியம்மாள்.

“மெதுவாப் பேசும்மா. முன்கூட்டியே கையெழுத்து வாங்கறது தண்டனைக்குரிய குத்தம். அப்பிடி ஒரு வழக்கமே இந்த ஆபீசுல கெடையாது.”

சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து, தன் பெயருக்கு நேரே வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் ஒரு கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டை மூடினார். மறுநாள் அவர் வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு.

அதற்குப் பிறகு அலுவலகம் சும்மா இருக்கவில்லை. ஜனவரி முதல் தேதியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்டு, திரு. சிங்காரத்துக்குக் கிள்ளை முகவரியில் பதிவுத் தபால் வந்தது. அவர் வாங்காததால், தபாலை வாங்க மறுத்ததற்கு விளக்கம் கேட்டு இன்னொன்று வந்தது. 2007இல் விசாரணை வைத்தார்கள். காலி நாற்காலி ஒன்றைப் போட்டு, அதைப் பார்த்து விசாரணை அதிகாரி மூன்று முறை கேள்வி கேட்டார். ‘குற்றம் சாட்டப்பட்டவர் கடைசிவரை மௌனம் சாதித்தார்’ என்று எழுதினார். ஆரோக்கியம்மாள் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வர அவள் சாட்சியும் இல்லை, குற்றவாளியும் இல்லை. 2008இல் சிங்காரத்தைப் பணிநீக்கம் செய்தார்கள். நீக்கப்பட்டவனுக்கு வாரிசு வேலை கிடையாது.

கிள்ளையிலும் பேச்சு மாறியது. “பாண்டிச்சேரில யாரோ ஒருத்தியோட பாத்தாங்களாமே” என்று பக்கத்து வீட்டு மலர்க்கொடி, குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்டாள். “ஆபீசுலயே ஓடிட்டாருன்னு எழுதிட்டாங்களாம்.”

ஆரோக்கியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் கடலூருக்கு ஒரு ஜெனரல் தேவைப்பட்டார்.

பாண்டிச்சேரிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் சிதம்பரம் பார்க்கக் கடலூர் வழியாகப் போகிறார்களே தவிர, இறங்குவதில்லை. இறங்கிப் பார்க்க ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தால் இறங்குவார்கள் என்று யாரோ மேலிடத்தில் சொன்னார்கள். உடனே, இருநூறு வருஷத்துக்கும் முன்னால் கடலூரில் எங்கோ செத்துப்போன ஒருவர் பேரில், ஜெனரல் பெர்த்தோல் தெ கெர்மோ நினைவு மீட்புக் குழு என்று ஒன்று பிறந்தது. செயலாளர், அருள்முருகன் என்கிற அதிகாரி. ஆலோசகர், சிதம்பரத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் சுப்புராயன். 2009 ஆனி மாதம் தேவனாம்பட்டினம் சவுக்குத் தோப்பில் சிலைக்கு அடித்தளம் தோண்டினார்கள். மணலுக்குள் எலும்புக்கூடு ஒன்று கிடந்தது. ஒரு ஜெனரலைத் தேடுகிற இடத்தில் எலும்பு கிடைத்தால் அது வேறு யாருடையதாக இருக்க முடியும்?

வெண்மதி செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தாள். “இடது முழங்காலுக்குக் கீழே உலோகத் தகடு. கழுத்தெலும்பருகே மாதா சுரூபப் பதக்கம். இடுப்பருகே, பச்சை நூலில் கட்டிய இரண்டு சாவி.”

ஆரோக்கியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

“இன்னொருவாட்டி படி.”

படித்தாள்.

“அடுப்ப அணச்சுட்டு வா. சிதம்பரம் போவலாம்.”

தெற்கு வீதியில் பேராசிரியர் வீட்டு முன்னறை முழுக்கப் புத்தகம். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், ஜெனரலைப் பார்க்க வந்த முதல் பொதுஜனம் என்று சந்தோஷப்பட்டார்.

“கெர்மோவோட வாழ்க்கைய நம்ம ஜனங்க தெரிஞ்சிக்கணும்மா. பதினாலு வயசுல மாமா சிபாரிசுல படையில சேந்தாரு. முதல் வேலையே மொரீஷியஸ் பக்கம் ஒரு கப்பல். துறைமுகத்துக்குள்ளயே அதத் தரை தட்ட வெச்சாரு. கேப்டன் ஆக்கினாங்க.”

“தரை தட்டினதுக்கா சார்?”

“தட்டினதப் பத்தி அறிக்கை எழுதினாரு பாருங்க, அதுக்கு. அப்பறம் ஸ்ரீமுஷ்ணம் பக்கம் வரி வசூலுக்குப் போனாரு. ஊர்க்காரங்க எதுத்தாங்க. முந்நூறு சிப்பாய்ங்கள அங்கயே வுட்டுட்டு, தன் குதிரையக் காயமில்லாமக் காரைக்காலுக்குக் கொண்டாந்து சேத்தாரு. கர்னல். அடுத்தது உங்க கிள்ளைதான். சுரபுன்னைக் காட்டுச் சேத்துல படையோட ஒம்பது நாள் மாட்டிக்கினாரு. ஒரே ஒரு படகு இருந்துது. அதுல வெளிய வந்தாரு. பிரிகேடியர்.”

“மத்தவங்க சார்?”

“மத்தவங்க உள்ளூரு ஆளுங்க. அவங்க பேரெல்லாம் எழுதற வழக்கமில்ல.” பேராசிரியர் மோரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “கடைசியாக் கடலூரு. இங்க ஜுரத்துல செத்தாரு, எந்த எடம்னு தெரியாம இருந்துது. ஆனா ஒண்ணு பாருங்க. செத்தப்பறமும் மூணு வருசம் படையோட வருகைப் பட்டியல்ல அவரு பேரு இருக்குது. ஜெனரலா ஆனதே அந்த மூணு வருசத்துலதான். அவ்வளவு கடமை உணர்ச்சி.”

“எங்க ஊட்டுக்காரரு செத்தப்பறம் அஞ்சே நாளுதான் சார் வந்தாரு. அவர வேலைய வுட்டே தூக்கிட்டாங்க.”

“அவரு ஜெனரல் இல்லியேம்மா” என்றார் பேராசிரியர், ரொம்ப அன்பாக.

ஆரோக்கியம்மாள் விஷயத்துக்கு வந்தாள். கால் தகடு, தொண்ணூற்றெட்டில் சைக்கிளிலிருந்து விழுந்ததற்கு இதே சிதம்பரத்தில் வைத்தது என்றாள்.

“அந்தக் காலத்து பிரெஞ்சு ரணவைத்தியம் எந்த அளவுக்கு வளந்திருந்துதுன்னு நமக்கு இன்னும் புரியல. புரியாதத மறுக்கக் கூடாதும்மா. அதுதான் ஆராய்ச்சி.”

“சுரூபம் வேளாங்கண்ணி மாதா சார். பின்னாடி தமிழ்ல எழுதியிருக்கும், பாருங்க.”

“இருக்குது. ஜெனரல் தமிழ் மேல பிரியமா இருந்தாருன்னு நான் நாப்பது வருசமா சொல்றேன். ஆதாரம் இல்லாம இருந்துது.” அதை ஒரு அட்டையில் குறித்துக்கொண்டார். “ரொம்ப நன்றிம்மா.”

“அந்தச் சாவி முடிச்சு நான் போட்டது. வலை முடிச்சு.”

“கடற்படை முடிச்சு.”

“சரி சார், எந்த முடிச்சோ இருக்கட்டும். அந்தச் சாவிய எங்க ஊட்டுக்காரரு ஆபீசுக்கு எடுத்துனு வாங்க. பின்கட்டு ரூம் அவரு போன நாள்லேந்து பூட்டித்தான் கெடக்குது. அதத் தெறந்து காட்டறேன். தெறந்துட்டா எழுதிக் குடுப்பீங்களா?”

பேராசிரியர் யோசித்தார். “தெறந்தா, உண்மையத்தான் எழுதுவேன்” என்றார்.

பூட்டைப் பற்றி அவள் சொன்னது நிஜம்தான். பின்கட்டில் இருந்த பழைய ஆவண அறை நாலரை வருஷமாகப் பூட்டியே கிடந்தது. மாற்றுச் சாவி அறைக்கு உள்ளேயே இருந்தது. பூட்டை உடைக்க மேலிட அனுமதி வேண்டும். அனுமதி கேட்கிற படிவங்களும் உள்ளேதான் இருந்தன.

ஒரு புதன்கிழமை காலை எல்லோரும் அந்தக் கதவு முன்னால் கூடினார்கள். அருள்முருகன் வெள்ளைக் கையுறை போட்டு, பஞ்சு வைத்த தட்டிலிருந்து சாவியை எடுத்தார். கலியமூர்த்தியின் நெற்றி வியர்த்திருந்தது. முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்து, கொஞ்சம் முனகி, திரும்பியது. பூட்டு திறந்துகொண்டது.

ஆரோக்கியம்மாள் வெண்மதியின் கையைப் பிடித்தாள். நாலரை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. கலியமூர்த்தி யாரையும் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியவர் அருள்முருகன். “புரொபசர் சார், ஜெனரலோட சாவி இந்தக் கதவத் தெறக்குதுன்னா என்ன அர்த்தம்?”

பேராசிரியர் கதவுப் பலகையைத் தடவிப் பார்த்தார். “இந்த ஆபீசே ஜெனரலோட கோட்டைன்னு அர்த்தம்.”

“திண்டுக்கல் பூட்டு சார் இது” என்றார் பின்னாலிருந்து ஒரு பியூன்.

“திண்டுக்கல் வரைக்கும் ஜெனரல் போயிருக்காரு” என்று பேராசிரியர் அட்டையில் எழுதிக்கொண்டார்.

“சார், அது எங்க ஊட்டுக்காரரு வெச்சிருந்த சாவி” என்றாள் ஆரோக்கியம்மாள். “எல்லாரும் பாத்தீங்களே.”

“அப்பிடின்னா ஒங்க ஊட்டுக்காரரு ஒரு புராதனப் பொருள அனுமதி இல்லாம இத்தினி வருசம் வெச்சிருந்தாருன்னு ஆவும்மா” என்றார் அருள்முருகன், குரலைத் தாழ்த்தி. “ஒங்க நல்லதுக்குச் சொல்றேன், அத வெளிய சொல்லாதீங்க.”

அலுவலகம் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. நாலரை வருஷம் கதவைத் திறக்காமல் ஜெனரலின் கோட்டையைப் பாதுகாத்ததற்காகக் கலியமூர்த்திக்குப் பதவி உயர்வு வந்தது.

2010 ஜனவரியில் ஜெனரலை அந்த அலுவலக வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். ஊர் எல்லைக்குள் புதைப்பதால் இறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை விண்ணப்பித்து, செவ்வாய்க்கிழமை வாங்கிவிட்டார்கள். சாட்சி என்ற இடத்தில் ‘வரலாறு’ என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரர் உயரமாக இருப்பார் என்று ஆறரை அடியில் தேக்குப் பெட்டி செய்துவிட்டார்கள். ஐந்தடி மூன்றங்குல எலும்பு அதற்குள் உருண்டது. சத்தம் வராமல் இருக்க, ஆவண அறையிலிருந்து கட்டுக்கட்டாகப் பழைய கோப்புகளை எடுத்துவந்து இரண்டு பக்கமும் அடைத்தார் கலியமூர்த்தி.

அருள்முருகன் பேசினார். “ஒரு மனிதர் விழுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பெயர் சொல்லி அடக்கம் செய்வதுதான் நாகரிகம். இருநூறு வருடங்களுக்கு மேலானாலும் இந்த நிர்வாகம் ஒருவரையும் கைவிடுவதில்லை. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், உரிய பதவியில் இருப்பதுதான். தோற்றவர் என்று சிலர் ஜெனரலைக் குறை சொல்கிறார்கள். தோற்றார், ஆனால் எல்லாத் தோல்விக்கும் முறையாக அறிக்கை அனுப்பினார். நாங்களும் அவர் வழியில்தான் நடக்கிறோம்.”

கைத்தட்டினார்கள். போலீஸ்காரர்கள் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள்; இரண்டு வெடித்தன, ஒன்று வெடிக்கவில்லை. பங்குச் சாமியார் இறந்தோருக்கான ஜெபம் சொன்னபோது பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்ற இரண்டு பெண்கள் மட்டும் சொன்னார்கள். குழு எடுத்த வீடியோவில் அந்த இரண்டு குரலும் தெளிவாகக் கேட்கும். ‘பொதுமக்கள் கண்ணீர்’ என்று கீழே எழுதியிருப்பார்கள்.

அதன்பின் மாதம் ஒருமுறை ஆரோக்கியம்மாள் பஸ் ஏறி வந்து அந்தக் கல்லறைமேல் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். ஏழு வருஷம் காணாமல் போனால் சட்டப்படி செத்தவர்தான் என்று ஒரு வக்கீல் சொன்னதை நம்பி, 2012 பிப்ரவரியில் மறுபடி மனுவோடு கலியமூர்த்தியிடம் போனாள். அவர் இப்போது நினைவிடத்துக்கும் பொறுப்பாளர்.

“தேடிப் பாத்துட்டேம்மா. சிங்காரத்தோட சர்வீஸ் ரெஜிஸ்டரே இல்ல. அப்பிடி ஒருத்தரு இங்க வேல பாத்ததுக்கே ஆதாரம் கெடையாது.”

“அந்த ரூமுலதான சார் இருந்துது?”

“இருந்துது.” கலியமூர்த்தி ஜன்னல் வழியாகக் கல்லறையைப் பார்த்தார். “இப்ப அதத் தோண்டி எடுக்க முடியாதும்மா.”

பிறகு அவரே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அருள்முருகன் சாருகிட்ட பேசினேன். நீங்க வந்து அழுவறத டூரிஸ்டுங்க போட்டோ எடுக்கறாங்க. ஜெனரலுக்கு யாரு இந்தம்மான்னு கேக்கறாங்க. கஷ்டமா இருக்குது. இங்க ஜெனரலப் பத்தி வரவங்களுக்குச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும். ஒங்க பொண்ணப் போடலாம். இதுல மட்டும் ஒரு கையெழுத்து.”

வெண்மதி வாங்கிப் படித்தாள். ‘மேற்படி கல்லறையில் இருப்பவர் என் கணவர் அல்லர். என் கணவர் சிங்காரம் 31.12.2004 வரை பணிக்கு வந்து, பின்னர் தன் சொந்த விருப்பப்படி எங்கோ சென்றுவிட்டார்.’

“வேல பாத்ததுக்கே ஆதாரம் இல்லன்னீங்க” என்றாள் வெண்மதி. “இதுல அஞ்சு நாளு வேலைக்கு வந்தாருன்னு இருக்குது.”

“அதுக்கு இந்தக் கடுதாசிதான் ஆதாரம்” என்றார் கலியமூர்த்தி.

திரும்பும்போது, பஸ் பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் வெண்மதி ஆரம்பித்தாள்.

“எனக்கு அந்த வேல வேணாம்மா. அப்பா ஓடிட்டாருன்னு நீயே எழுதிக் குடுப்பியா? மலர்க்கொடி பெரிம்மா சொன்னப்ப ஒனக்கு எப்பிடி இருந்துது?”

“அவ சொன்னது பொய்யி. நான் எழுதறதும் பொய்யி. அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும்.”

“அதுக்கு?”

“அந்த ரூமுல ஒனக்கு ஒரு நாக்காலி போடுவாங்க. அதுலேந்து பத்தடி தூரம் அவரு இருக்கற எடம். ஏழு வருசமா தனியாக் கெடந்தாரு வெண்மதி. இப்பவும் ஒரு அசலான் பேருல கெடக்கறாரு. ஒருத்தராவது பக்கத்துல இருக்கட்டும்.”

மறுநாள் காலை ஆரோக்கியம்மாள் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கோணிவிட்டது. கலியமூர்த்தி இன்னொரு தாள் கொடுத்து, தெளிவாகப் போடச் சொன்னார். மறுபடியும் போட்டாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள், வெள்ளிக்கிழமை. மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு ஆரோக்கியம்மாள் நினைவிடத்துக்கு வந்தபோது, வெண்மதி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பல் தரை தட்டியதைச் சொன்னாள், முந்நூறு சிப்பாய்களைச் சொன்னாள், சேற்றில் ஒன்பது நாளைச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“இவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களாக்கா?” என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

வெண்மதி அம்மாவைப் பார்க்கவில்லை. “ஆதாரம் இல்ல” என்றாள்.

பிள்ளைகள் போனபிறகு மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். கடற்காற்றில் நாலு தடவை அணைந்தது. அஞ்சாவது தடவை, கையால் மறைத்துக்கொண்டு இரண்டு பேரும் அது எரிந்து முடிகிறவரை உட்கார்ந்திருந்தார்கள்.

புறப்படும்போது கலியமூர்த்தி வருகைப் பதிவேட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். நல்ல மனநிலையில் இருந்தார். ஊருக்குக் கிளம்ப, பை தயாராக மேஜைமேல் இருந்தது.

“பண்டிகை நாளு. அம்மாவக் கூட்டினு ஊருக்குப் போயி நிம்மதியா இரு. செவ்வாக்கிழம வரைக்கும் சேத்துப் போட்டுட்டுப் போம்மா.”

வெண்மதி பேனாவை வாங்கினாள். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் போட்டாள். பேனா சனிக்கிழமைக் கட்டத்துக்கு நகர்ந்தபோது, ஆரோக்கியம்மாளின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“இன்னிக்கு மட்டும் போடு.”

“ஏம்மா, சார்தான் சொல்றாரு…”

“நாளைக்கு உசுரோட வந்து நாளைக்குப் போடு” என்றாள் ஆரோக்கியம்மாள். பேனாவை மகள் கையிலிருந்து வாங்கி, மூடி போட்டு, கலியமூர்த்தியின் மேஜைமேல் வைத்தாள்.